உப்பு பாடின வருஷம்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல ஒரு ஊர் உண்டு. அங்க வெயில் காயாத நாளும் கிடையாது, மீன் வாங்காத வீடும் கிடையாது, அடுத்த வீட்டுச் சட்டியில என்ன கொதிக்குதுன்னு தெரியாத பொம்பளையும் கிடையாது. அந்த ஊர்தான் எங்க தூத்துக்குடி. அந்தப் பொம்பளைகள்ல ஒருத்திதான் நான், ஜெசிந்தா, துறைமுகத்து ரோட்டுல மீன் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். நான் சொல்லுதத நீங்க நம்பலாம், ஏன்னா அந்த வருஷம் எங்க ஊர்ல என்னைவிட அதிகமா உப்புப் போட்டவ எவளும் இல்ல.

மொதப் பாட்டு என் கடையிலதான் கேட்டுச்சுன்னு நான் சொல்லுவேன், எங்க வீட்டுலதான்னு தெருவுக்கு நாலு பேர் சண்டைக்கு வருவாளுக, அது கிடக்கட்டும். ரசத்துக்குக் கல் உப்பு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன், போட்ட கையோட சட்டிக்குள்ள இருந்து டிக்கு டிக்குன்னு ஒரு மெஷின் தாளம் தொடங்குச்சு. அதுக்கு மேல ஒரு கீபோர்டு, மீன் ஐஸ் பெட்டியத் தொறந்தா மூஞ்சியில ஒரு குளிர் வந்து அடிக்குமே அப்படி வந்து அடிச்சுது. அதுக்கும் மேல ஒரு பொம்பளைக் குரல், எந்த ஊர்ப் பாஷையோ தெரியல, பாவசங்கீர்த்தனத்துல பாவத்தச் சொல்லுத மாதிரி ஏற்றமும் இல்லாம இறக்கமும் இல்லாம பாடிக்கிட்டே போச்சு. உப்பு கரையுத வரைக்கும் பாடுச்சு, கரைஞ்சதும் நின்னு போச்சு. நான் கரண்டியில ரசத்த எடுத்து நாக்குல விட்டுப் பாத்தேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

அந்த வாரம் முடியுததுக்குள்ள ஊர் பூரா அதே கதை. குழம்புல பாட்டு, கூட்டுல பாட்டு, கருவாட்டுக்கு உப்புத் தடவுத கொட்டாயில பாட்டு. எந்த உப்புன்னு விசாரிச்சா எல்லாக் கையும் ஒரே பாத்தியத்தான் காட்டுச்சு. ரொம்ப வருஷமா யாரும் வாராம வெடிச்சுக் கிடந்த மச்சாடோ அளத்த, தவசிமணி அண்ணாச்சி அந்த வருஷம்தான் குத்தகைக்கு எடுத்து, தண்ணி பாய்ச்சி, உப்பு வாரி, ஊருக்குள்ள சில்லறையா வித்திருந்தார்.

மச்சாடோ அளம்னு சொன்னதும் எங்க ஊர்ல வயசானவங்களுக்கெல்லாம் விஷயம் விளங்கிப் போச்சு. அதனாலதான் யாரும் ஏன் எதுக்குன்னு பெருசா கேக்கல.

லாசரஸ் மச்சாடோ அந்த அளத்துக்குக் கங்காணி. அவருக்கு ஒரு பையன் செலஸ்டின், ஒரு பொண்ணு எமல்டா. எம்பத்தஞ்சு, எம்பத்தாறு காலம் அது. ஊரே சினிமாப் பாட்டுல மயங்கிக் கிடந்தப்போ செலஸ்டினுக்கு மட்டும் வேற கிறுக்கு. கப்பல்காரங்க கிட்ட கெஞ்சிக் கூத்தாடி கேசட் வாங்குவான். அதுல பாடுதவங்க யாருக்கும் தெரியாதவங்க, அவங்க ஊர்லயே தெரியாதவங்க. போலந்து, பெல்ஜியம், மணிலா, இன்னும் வாயில நுழையாத ஊர்லருந்தெல்லாம் ரெண்டு பேர் மூணு பேராச் சேந்து, ஒரு கீபோர்டும் ஒரு தாள மெஷினுமா வீட்டுப் பின்கட்டுல பதிஞ்சது. அதுக்கு நியூ வேவ்னு பேரு. அத ஒரு சாக்கு நிறைய சேத்து வச்சிருந்தான். அது போதாதுன்னு கூட்டாளி ஹில்லாரியச் சேத்துக்கிட்டு தானும் ஒரு குழு தொடங்குனான். செலஸ்டின் கீபோர்டும் குரலும், ஹில்லாரி பிஸ்கட் டின்னுல தாளம், குழுவுக்குப் பேரு ஈரத் தீக்குச்சி. கோயில் திருவிழாவுல ஒரே ஒரு தடவ மேடை ஏறுனாங்க. எங்க ஊர் சனம் அதப் பாட்டுன்னே ஒத்துக்கல, சிரிச்சுச் சிரிச்சு அவிச்ச கடலைய எறிஞ்சு கீழ எறக்கி விட்டுச்சு.

பெறகு அவங்க பாட்டு ஒண்ண வீட்டுலயே ஒரு கேசட்டுல பதிஞ்சு சாக்குல போட்டுட்டு, மாலத்தீவுக்குப் போற தோணியில செலஸ்டின் ஏறிட்டான், அங்க புதுசா கேசட் கிடைக்குதுன்னு யாரோ சொன்னாங்களாம். தோணி வந்து சேரல. சேதி வந்த அன்னைக்கு லாசரஸ் அந்தச் சாக்கத் தோள்ல தூக்கிட்டுப் போய், இதுதான் எம்புள்ளையக் கடலுக்கு இழுத்துச்சுன்னு கத்தி, அளத்துப் பாத்தியில விட்டெறிஞ்சிட்டு வந்து படுத்தவர்தான், பெறகு அந்தப் பக்கம் போகவே இல்ல. இவ்வளவுதான் காரணம். உப்பு எதையும் கெடவிடாதுன்னு கருவாடு போடுத எங்களுக்குத் தெரியாதா?

ஊர் பழகிக்கிட்ட விதம்தான் அதிசயம். மொத மாசம் பயந்தோம், ரெண்டாம் மாசம் ருசி கண்டுட்டோம். மெஷின்ல பொடியா அரைச்சா பாட்டும் பொடியாயிருதுன்னு கண்டுபிடிச்சு, எவளும் உப்ப அரைக்கல. கொதிக்குத தண்ணியில போட்டா பாட்டு வேகமா ஓடும், பச்சத் தண்ணியில போட்டா நிதானமா வரும், அதனால மாங்கா ஊறுகா போடுத வீட்டு வாசல்ல சாயங்காலம் நாற்காலி போட்டு உக்காந்து கேட்டாங்க. சாமியார் தீர்த்தம் மந்திரிக்கையில உப்ப எடுத்து தண்ணியில போட்டார், பீடத்துல வச்சே ஒரு பெல்ஜியம் கோஷ்டி தொடங்கிட்டுது. அவரு, இதுவும் யாரோ ஒருத்தரோட செபம்தான்னு சொல்லிட்டு ஜனங்க மேல தெளிச்சார். செல்போன்ல பதியப் பாத்தவங்களுக்குச் சட்டி கொதிக்குத சத்தம் மட்டும்தான் கிடைச்சுது. ஒரு கிள்ளு போட்டா பாட்டோட தொடக்கம் மட்டும் கேக்கும், அந்தப் பாட்டுக்குள்ள உப்பு பூரா கரைஞ்சா கரைஞ்சதுதான், திரும்ப வராது.

இன்னொண்ணும் கவனிச்சோம். அந்தச் சாக்குல பேர்போன பாட்டுக்காரங்க கேசட்டும் உண்டுன்னு ஹில்லாரி அண்ணன் சொன்னாரு, ஆனா அதுல ஒண்ணுகூட உப்புல கேக்கல. உலகம் எதையெல்லாம் மறந்துட்டுதோ அத மட்டும்தான் உப்பு வச்சிருந்துச்சு. இந்தப் பேச்சு எப்படியோ கடல் தாண்டிப் போய், போலந்துலருந்து தலை நரைச்ச ஒருத்தர் என் கடைக்கு வந்து சேந்தார். நாலு நாள் மூணு வேளையும் சாப்பிட்டார், அஞ்சாம் நாள் என் புளிக்குழம்புல அவரோட சின்ன வயசுக் குரல் வந்துச்சு. அந்தக் கேசட் அவர் கையிலயே கிடையாதாம், அவரு ஒரு காலத்துல பாடுனத பொண்டாட்டியே நம்பலையாம். அடுப்புக்கு முன்னால முழங்கால் போட்டு உக்காந்துட்டார் மனுஷன். நான் இந்தக் கடையில எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கேன், ஒருத்தர் பசி அடங்குதத அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்.

இத்தன பாட்டுலயும் எமல்டா அக்கா மட்டும் ஒரே ஒரு குரலத்தான் தேடுனா.

எமல்டா அக்காவுக்கு அம்பது தாண்டிட்டுது, கல்யாணம் காட்சி கிடையாது, அப்பாவையும் அம்மாவையும் அடக்கம் பண்ணிட்டு அதே வீட்டுல இருக்கா. அண்ணன் போட்டோ ஒண்ணு சுவத்துல உண்டு, ஆனா குரல் மறந்து போச்சு அவளுக்கு. மூஞ்சி ஞாபகம் இருக்கு ஜெசி, குரல்தான் எங்க போச்சுன்னே தெரியலன்னு ஒரு தடவ எங்கிட்ட சொல்லிட்டு, சொன்னதுக்கே வெக்கப்பட்டவ மாதிரி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. உப்பு பாட ஆரம்பிச்சதும் அவ ஹில்லாரி அண்ணன் வீட்டுக்குப் போனா. அவரு இப்போ படகு மோட்டார் சரி பண்ணிக்கிட்டிருக்காரு. அண்ணே, உங்க பாட்டுல ஒரு வரியாவது ஞாபகம் இருக்கான்னு கேட்டா. அவரு கிரீஸ் கையத் தொடைச்சுக்கிட்டே தலையக் குனிஞ்சிட்டார், ஒரு வரி இல்ல, ஒரு தட்டு கூட இல்ல. எமல்டா அக்கா முகம் அப்படியே மலர்ந்து போச்சாம். அப்படின்னா உப்புல கண்டிப்பா இருக்கும்ணே, அப்படின்னாளாம்.

ஊருக்குள்ள ஒரு பேச்சு ஆச்சு. எந்த வீட்டுச் சட்டியிலயாவது தமிழ்க் குரல் கேட்டா, அந்த நிமிஷமே கைய நிறுத்தணும், மிச்ச உப்ப எடுத்துட்டு எமல்டா வீட்டுக்கு ஓடணும். கடலை எறிஞ்ச ஊர் இல்லையா, அந்த உறுத்தல் எல்லாருக்கும் இருந்துச்சு. சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆடி போச்சு. அளத்துல குவிச்ச உப்பு அம்பாரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எவளாவது கவனிக்காம ரசத்துல கரைச்சிருப்பாளோன்னு எமல்டா அக்கா பாதியா எளைச்சுட்டா.

நடுவுல எங்க வீட்டுல ஒரு கூத்து நடந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கஸ்பார் துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாரு, விடியக் கிளம்பிருவாரு, நான் பத்து மணிக்கு மேல ஆக்கி கேரியர்ல கொடுத்து விடுவேன். ஒரு நாள் சாயங்காலம் வந்து சட்டையக் கழத்திக்கிட்டே ஒரு பாட்ட மூக்கால இழுத்தாரு, அது நான் பதினோரு மணிக்கு அவியல்ல கேட்ட பாட்டு. இவரு அத எங்க கேட்டாரு, எவ வீட்டு அடுப்பங்கரையில போய் நின்னாருன்னு நான் ஒரு பிடி பிடிச்சேன். அந்த மனுஷன் மாதா மேல சத்தியம் பண்ணி, வாயில தானா வந்துச்சுட்டின்னு அழாத குறை. நான் நம்பவே இல்ல. அப்பவே எனக்குப் புத்தியில உறைச்சிருக்கணும்.

ஐப்பசி பொறக்கையில கடைசி உப்பு எல்லாம் வீடுகளுக்குள்ள வந்துட்டுது. அப்போதான் எங்க தெருவுக்குப் புதுசா வாக்கப்பட்டு வந்த அபிஷா, கணவாய் மீன் கழுவ சட்டியில உப்பக் கிள்ளிப் போட்டா. சிக்னலே இல்லாத ஊர்லன்னு ஒரு ஆம்பளைக் குரல் தமிழ்ல தொடங்கிட்டு, கிள்ளின உப்பு தீந்ததும் நின்னுட்டுது. அந்தப் பொண்ணு கணவாயும் கையுமா, மிச்ச உப்ப பனவோலைக் கொட்டான்ல அள்ளிக்கிட்டு எமல்டா அக்கா வீட்டுக்கு ஓடுச்சு. எங்க ஊர்ல உப்ப கையில கொடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்க, அதனால கொட்டான வாசப்படியில வச்சிட்டு தள்ளி நின்னுச்சு. எமல்டா அக்கா குனிஞ்சு எடுத்தா. ஒரு கல்லு கூடக் கீழ விழல.

எல்லாரும் இப்போ கரைப்பா, இப்போ கரைப்பான்னு நின்னோம். அவ கரைக்கல. உப்ப கண்ணாடி பாட்டில்ல போட்டு, போட்டோவுக்குக் கீழ வச்சு மூடிட்டா. கேட்டுட்டா போயிரும்லா ஜெசி, கேக்காம இருந்தா இருக்கும்லா, இத்தன வருஷம் இல்லாதவன் இப்போ வீட்டுல இருக்கான், அவனப் போகச் சொல்லவான்னு கேட்டா. நான் உலை வைக்கக் கடைக்கு வந்துட்டேன்.

ஆனா மழைக்காலம் ஒண்ணு இருக்கே. வாடைக் காத்து திரும்புன மறுநாளே ஊர் உப்பெல்லாம் வேர்க்கத் தொடங்குச்சு. மூடியிருக்கிற பாட்டிலுக்குள்ளயும் ஈரம் எப்படியோ பூந்துரும், உப்பு வச்சிருக்கிற எவளக் கேட்டாலும் சொல்லுவா. எமல்டா அக்கா மத்தியானம் சுவத்துல சாஞ்சு கண்ண மூடியிருக்கா, பாட்டில்லருந்து ஒரு முனகல். காதுல வச்சுக் கேட்டா தாளம் ஒரு தட்டு, கொஞ்ச நேரம் சும்மா, பெறகு ஒரு தட்டு. பாட்டு சொட்டுச் சொட்டா வடிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அண்ணன் அவளுக்குத் தெரியாமலே கொஞ்சம் கொஞ்சமாப் போய்க்கிட்டிருக்கான்னு தெரிஞ்சதும் அவ தலைவிரிகோலமா என் கடைக்கு ஓடி வந்தா.

அன்னைக்கே கூடுனோம். பதிய முடியாது, அதனால மனுஷ மண்டையிலதான் பிடிச்சு வைக்கணும்னு முடிவாச்சு. தாளத்த ஹில்லாரி அண்ணன் பிடிக்கணும். கீபோர்ட கோயில் ஆர்மோனியம் பெனடிக்ட் சார் பிடிக்கணும். பாட்டு வரிகள்ல மொதப் பாதி அபிஷா, ரெண்டாம் பாதி நான். எமல்டா அக்காவுக்கு ஒரு வேலையும் கிடையாது, அவ கேட்டா மட்டும் போதும்னு சொன்னோம். அவங்கவங்க பங்க மட்டும் கேக்கணும், வேற எதுலயும் புத்திய விடக்கூடாதுன்னு பெனடிக்ட் சார் படிச்சுப் படிச்சு சொன்னாரு.

எமல்டா அக்கா பித்தளைப் போணியில பச்சத் தண்ணி எடுத்து நடுவீட்டுல வச்சா. சிலுவை போட்டுட்டு பாட்டிலக் கவுத்தா.

அம்மாடி, நான் என்னன்னு சொல்லுவேன். பிஸ்கட் டின் சத்தம் மொதல்ல வந்துச்சு, கோணல்மாணலா, ஆனா நம்ம நெஞ்சுத் துடிப்பக் கூட்டிட்டுப் போற மாதிரி. அதுக்கு மேல கீபோர்டு ஒரே சுரத்துல நின்னுச்சு, உச்சி வெயில்ல ஆளில்லாத ரோடு கண்ணுல தெரிஞ்சுது. பெறகு செலஸ்டின். இருபத்தோரு வயசுக் குரல், கொஞ்சம் ஜலதோஷம் பிடிச்ச குரல். "சிக்னலே இல்லாத ஊர்ல பச்ச விளக்குக்கு நிக்கேன், ஈரத் தீக்குச்சி நான், பத்தலன்னாலும் உரசு." போணியிலருந்து வந்த அந்தக் குரலுக்கு வீட்டுல இருந்த சட்டி பானை ஏனமெல்லாம் மெல்ல அதிர்ந்துச்சு, சுவத்துப் பல்லி கூட அசையல. திருவிழாவுல நாங்க சிரிச்சது இந்தப் பாட்டுக்கா, இந்தப் பயலுக்கா?

நடுப்பாட்டுல ஒரு கதவு கிறீச்சுன்னு தொறக்குத சத்தம். ஒரு சின்னப் பொண்ணு குரல் கேட்டுச்சு.

"அண்ணே, சோறு ஆறுது."

பாடிக்கிட்டிருந்தவன் சிரிச்சான். வரியப் பாதியில விட்டுட்டு, அடக்க முடியாம, மூக்கால ஒரு சிரிப்பு. "இந்தா வந்துட்டேன்ட்டி"ன்னான். சொல்லிட்டு விட்ட எடத்துலருந்து பிடிச்சு, பாட்ட முடிச்சான். உப்பு கரைஞ்சுட்டுது.

எமல்டா அக்கா போணியவே பாத்துக்கிட்டிருந்தா. அந்தச் சின்னப் பொண்ணு அவதான்னு யாரும் சொல்ல வேண்டி இருக்கல.

பெனடிக்ட் சார், சரி, மறக்குததுக்குள்ள பாடிப் பாப்போம்னாரு. ஹில்லாரி அண்ணன் டின்ன மடியில வச்சாரு, கை எழும்பல. அபிஷா வாயத் தொறந்தா, வார்த்த வரல. நான் தேடிப் பாத்தேன், எம்மண்டையில ஒண்ணுமே இல்ல. பெனடிக்ட் சாருக்கே அந்த ஒரு சுரம் எதுன்னு தெரியல. கேக்கச் சொன்ன பங்க ஒருத்தரும் கேக்கல, எல்லாரும் அவன மட்டும் கேட்டுட்டோம். ஹில்லாரி அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. "அவன் குரலக் கேட்டதும் எனக்குத் தாளம் எங்க இருந்துச்சுன்னே தெரியலம்மா, மன்னிச்சிரு"ன்னாரு. முப்பத்தெட்டு வருஷம் உப்பு காத்தத நாங்க ஒரு நாழிகையில தொலைச்சுட்டு நின்னோம். அப்படியே மண்ணுக்குள்ள போயிருவோமான்னு இருந்துச்சு எனக்கு.

எமல்டா அக்கா ஒருத்தரையும் ஏசல. எந்திரிச்சு முந்தானைய இடுப்புல செருகுனா. அந்தத் தண்ணியக் கீழ ஊத்த அவளுக்கு மனசு வரல, அவ்வளவுதான். எல்லாரும் இருங்க, சாப்பிட்டுப் போங்கன்னு சொல்லிட்டு போணியத் தூக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போனா. அண்ணன் பாட்டுப் பதிஞ்ச அன்னைக்கு ஆறிப் போன சோத்துக்குச் சீலா மீன் குழம்பு வச்சிருந்தாங்களாம் அவ அம்மா. அதையே இவளும் வச்சா, தேங்காயும் புளியும் கூடப் போட்டு, அந்த உப்புத் தண்ணியத்தான் விட்டா. அது பாடல, சும்மா கொதிச்சுது. எங்க எல்லாருக்கும் தட்டு வச்சா, கதவுக்கு நேரா ஒரு தட்டு அதிகமா வச்சா. துக்க வீட்டுல சாப்பிடுத மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு நாங்க கைய வச்சோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பள்ளிக்கூடத்துச் சுவத்துல எழுதியிருக்கும். நன்றிக்குச் சொன்னதுன்னுதான் அதுவரைக்கும் நான் நெனச்சிருந்தேன்.

ஹில்லாரி அண்ணன் ரெண்டாம் கவளம் முழுங்குனாரு, அவரு எடது கை விரல் தட்டு விளிம்புல கோணல்மாணலாத் தட்ட ஆரம்பிச்சுது. அவரு குனிஞ்சு தன் விரலையே யாரோ மாதிரி பாத்தாரு. பெனடிக்ட் சார் மென்னுக்கிட்டிருந்த வாயோட ஒரு சுரத்த முனங்குனாரு, முனங்கினவரு நிறுத்தல. அபிஷா சிக்னலே இல்லாத ஊர்லன்னு எடுத்தா. எனக்கு அப்போதான் எங்க வீட்டுக்காரர் மூக்கால இழுத்த பாட்டும், நான் அவரப் பிடிச்ச பிடியும் ஞாபகத்துக்கு வந்துச்சு. பாட்ட வச்சிருக்கது காது இல்ல, சாப்பிட்ட வாய்தான்னு ஒரு ஊரே அத்தன மாசம் சாப்பிட்டும் எங்களுக்குத் தெரியல. அதுக்கு மேல யோசிக்க நேரம் இல்ல, என் பாதி வந்துட்டுது, என் வாய் தானாப் பாடுச்சு. சோத்துக் கையோட நாலு பேரும் அந்தப் பாட்டக் கட்டி எழுப்புனோம், ஒரு தட்டு பிசகல.

நடு எடம் வந்துச்சு. எமல்டா அக்கா கரண்டியும் கையுமா கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா, இன்னும் ஒரு வாய் சாப்பிடல. "அண்ணே, சோறு ஆறுது"ன்னு மெதுவாச் சொன்னா.

நாங்க நிறுத்துனோம். அவன் சிரிச்ச எடம் அது. எங்க நாலு பேர் வாயிலயும் அந்தச் சிரிப்பு இல்ல, எங்க பங்குக்கு அது வரல. ஹில்லாரி அண்ணன் விரல் மட்டும் தட்டிக்கிட்டே காத்துக்கிட்டிருந்துச்சு.

எமல்டா அக்கா வந்து, கதவுக்கு நேரா வச்சிருந்த அந்தத் தட்டுக்கு முன்னால உக்காந்தா. பிசைஞ்சு ஒரு வாய் வச்சா, முழுங்குனா. அப்புறம் அவ சிரிச்சா. மூக்கால, அடக்க முடியாம, ஜலதோஷம் பிடிச்ச இருபத்தோரு வயசுச் சிரிப்பு. "இந்தா வந்துட்டேன்ட்டி"ன்னு அவ வாயிலருந்து அவன் சொன்னான்.

நாங்க விட்ட எடத்துலருந்து பிடிச்சு, பாட்ட முடிச்சோம்.